வைத்தியரோடு மாறுபடுதல்

வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பெற்றுக்கொள்ளும்போது நம்மவருள் எதிர்வார்த்தை பேசுவோர் அரியர். தலையை அசைப்பர், "சரி, ஐயா" என்பர், கைகூப்பி விடைபெறுவர். வாயிலைக் கடந்ததும் கதை வேறு. மருந்துக் கடைக்குச் செல்லும் வழியிலேயே, சீட்டிற் கண்டவற்றுள் எதனை வாங்குவது எதனை விடுவது என்னும் ஆலோசனை தொடங்கிவிடும். வீடு சேர்ந்தபின் அண்டை வீட்டார் ஒருவர், "அது சூடு; பாதியாக உட்கொள்ளுங்கள்" என்பார். உறவினர் ஒருவர், "எனக்கு இதைவிட அதிகமாகக் கொடுத்தார்களே" என்பார். இங்ஙனம் வைத்தியர் முன்னிலையில் அடக்கமும், அவர் காணாவிடத்துச் சுயேச்சையுமாக நடப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. இவ்வழக்கம் எத்துணைக் கேடு பயப்பது என்பதை எம் இல்லத்திலேயே கண்டோம். அக்கேட்டில் எமக்கும் பங்கு உண்டு. ஆதலின் இதனை எழுதப் புகுந்தோம்.

எம் தமக்கையார்க்குத் தைராய்டுச் சுரப்பி போதிய அளவு வேலை செய்வதில்லை. இந்நோய் நம் நாட்டில் அரியதன்று. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடத்திய ஆராய்ச்சியொன்று 2013இல் வெளிவந்தது. ஆராயப்பட்ட வயதுவந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கு இக்குறை இருந்ததாக அதிற் கண்டனர். ஆகவே இதனைப் படிக்கும் அன்பர்களுள் சிலரேனும், காலையில் எழுந்ததும் தலையணைக்கருகிலுள்ள மாத்திரையைத் தேடுவோராகவே இருப்பர்.

விஞ்ஞான வகுப்பிற் பயிலாதார் பொருட்டு ஒருசிறிது விளக்குவோம். கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்துள்ளது தைராய்டு. அது சுரக்கும் தைராக்ஸின் என்னும் பொருள் உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, குடலின் இயக்கம், அறிவின் சுறுசுறுப்பு ஆகிய பலவற்றையும் நடத்துகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி இதன் மேற்பார்வையாளர். இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால், டி.எஸ்.எச். என்னும் ஏவற்பொருளை அது மிகுதியாக அனுப்பும். தைராக்ஸின் மிகுந்தால் ஏவலைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே டி.எஸ்.எச். எண் உயர்ந்திருப்பின் உடலில் தைராக்ஸின் போதவில்லை என்றும், தாழ்ந்திருப்பின் மிகுந்துள்ளது என்றும் பொருள். எண் உயரின் குறைவு, தாழின் மிகுதி என்னும் இத்தலைகீழ்க் கணக்கை எம் தமக்கையார் இன்றளவும் ஏற்றுக்கொள்ளவில்லை.

குறைந்ததை ஈடுசெய்யக் கொடுப்பது அதே தைராக்ஸினைச் செயற்கையாக ஆக்கிய மாத்திரை. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. எம் தமக்கையார் நாடோறும் 75 மைக்ரோகிராம் உட்கொண்டு ஆறாண்டுகள் சுகமாகவே இருந்தார். அக்காலத்தில் அவருடைய டி.எஸ்.எச். 1.4, 1.6 என்றிவ்வாறே வந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு தை மாதத்திலிருந்து நிலைமை மாறிற்று. சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டார். தலைமயிர் உதிர்ந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கே கண் சுழன்றது. பெயர்களை மறந்தார், ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிவதை அருகில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 4.2 என வந்தது. பரிசோதனைச்சாலையார் அச்சிட்டிருந்த எல்லை 0.4 முதல் 4.5 வரை.

யாமும் உடன் சென்றோம். ஆறாண்டுக் காகிதங்களையும் ஒரு மஞ்சட்பையில் இட்டு எடுத்துச் சென்றோம். வைத்தியர் அன்றைய காகிதத்தை மட்டும் பார்த்து, "எல்லைக்குள் இருக்கிறது, அம்மா. மாத்திரையை மாற்ற வேண்டுவதில்லை. வயதானால் அசதி வருவது சகஜம்" என்றார். "டாக்டர், முன்பெல்லாம் ஒன்றரைதானே இருந்தது?" என்று எம் தமக்கையார் கேட்டார். "ஒன்றரையும் எல்லைக்குள், நாலேகாலும் எல்லைக்குள்" என்பது விடை. மஞ்சட்பை திறக்கப்படவில்லை. யாம் சற்றுக் குரலை உயர்த்தி, அளவை ஏற்றினால் என்ன நஷ்டம் என்று வினவினோம். "வைத்தியம் படித்தவன் நானா, நீங்களா?" என்றார் அவர். வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இவ்விடத்தில் வைத்தியருக்கு நியாயம் செய்யும்பொருட்டு, இம்மருந்தின் அளவு எவ்வாறு நிருணயிக்கப்பட்டு வந்தது என்பதைக் கூறுதல் வேண்டும். 1891இல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து வைத்தியராகிய ஜார்ஜ் மரே, தைராய்டு குன்றி உடல் வீங்கி அறிவு மந்தித்திருந்த 46 வயதுப் பெண்ணொருத்திக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழியே செலுத்தினார். அவள் தேறினாள். அடுத்த ஆண்டே வாய்வழியாக உண்டாலும் போதும் எனக் கண்டனர். அப்பெண் 1919இல், தன் 74ஆம் வயதில் இறக்கும்வரை அச்சாற்றை உட்கொண்டு வாழ்ந்தாள். அவ்வொருத்தியின்பொருட்டு 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின. அவளுக்கு எவ்வளவு சாறு வேண்டும் என்பதைக் கூறத்தக்க இரத்தப் பரிசோதனை எதுவும் அன்று இல்லை. அவள் முகம், பேச்சு, நடை, தோலின் சூடு இவற்றைப் பார்த்தே அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்தனர். அஃதாவது, நோயாளியின் வாய்மொழியே அளவுகோலாயிருந்தது.

பின்னர் 1914இல் அமெரிக்காவில் கெண்டல் என்பார் தைராக்ஸினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். ஹாரிங்டனும் பார்கரும் 1927இல் அதனைச் செயற்கையாகவே ஆக்கிக்காட்டினர். மருந்து தூயதாயிற்று; எனினும் அளவைக் காணும் வழி நெடுங்காலம் பழையதாகவே இருந்தது. நாடொன்றுக்கு 200, 300 மைக்ரோகிராம் கொடுப்பது வழக்கமாயிருந்தது. நோயாளிகள் சுறுசுறுப்பாக இருந்தனர், வைத்தியரும் மகிழ்ந்தனர். டி.எஸ்.எச். பரிசோதனை வழக்கத்திற்கு வந்து, 1980க்குப்பின் நுட்பமடைந்தபோதுதான், அவர்களுட் பலர் தேவைக்கு மேல் உட்கொண்டுவந்தனர் என்பது புலனாயிற்று. மிகை தைராக்ஸின் எலும்பை அரிக்கும்; மாதவிடாய் நின்ற மகளிர்க்கு இவ்வாபத்து அதிகம். இதயத்தையும் அது தாளந்தப்பித் துடிக்கச் செய்யும். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1994இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்திருந்தோர்க்கு அவ்விதயக் கோளாறு ஏனையோரைவிட ஏறக்குறைய மும்மடங்கு நேர்ந்ததாகக் கண்டனர். ஆகவே எண்ணைப் பாராது அளவை ஏற்ற வைத்தியர் அஞ்சுவது வீண் அச்சமன்று.

இஃதிங்ஙனமாக, அவ்வெண்ணே தெய்வவாக்கும் அன்று. எல்லை என்பது பல்லாயிரவருடைய எண்களைத் திரட்டி வகுத்தது. ஒருவருக்கென்று அளந்து தைத்த சட்டையன்று. டென்மார்க்கில் 16 ஆடவரை ஓராண்டு முழுதும் மாதந்தோறும் சோதித்து 2002இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஒவ்வொருவருடைய அளவுகளும் தமக்குள்ளே சிறிதே ஏறியிறங்கின. அவ்வேற்றத்தாழ்வு, பொது எல்லையின் அகலத்தில் ஒரு பகுதியேயாகும். ஆறாண்டுகளாக ஒன்றரையில் நின்ற ஒருவருக்கு நாலேகால் வந்தால், எல்லைக்குள் இருப்பினும், ஏதோ நேர்ந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும். எம் தமக்கையார் கேட்ட வினா அதுவே. அவ்வினா சரியான வினா. அதற்கு விடை அம்மஞ்சட்பையில் இருந்தது.

அடுத்து நிகழ்ந்ததை எழுத நாணுகிறோம். வீடு திரும்பியதும் தமக்கையார், "தம்பி, நான் இரண்டு மாத்திரை போட்டுப் பார்க்கப்போகிறேன்" என்றார். யாம் தடுக்கவில்லை. தடுக்காததோடு, "பார்க்கலாமே" என்றும் கூறினோம். வைத்தியர்மேல் இருந்த சினம் எம் அறிவை மறைத்தது. மருந்துக் கடையில் அதே பழைய சீட்டைக் காட்டியே இருமடங்கு மாத்திரைகள் கிடைத்தன.

நாடோறும் 150 மைக்ரோகிராம். மூன்றாம் வாரத்தில் தமக்கையார் புதுப்பிறவி எடுத்தவர் போலானார். பரண் முழுதும் துடைத்தார். உறங்கிக் கிடந்த தையல் இயந்திரம் மறுபடியும் ஓடிற்று. யாம் வைத்தியரை வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்தோம். ஒன்பதாம் வாரத்தில், நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, "உள்ளே யாரோ ஓடுவதுபோல் இருக்கிறது" என்றார். கைவிரல்கள் நடுங்கின. உடல்நிறை மூன்று கிலோ குறைந்திருந்தது. விடியுமுன்னே வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். துடிப்பு நிமிஷத்திற்கு 118; நல்வேளையாகத் தாளம் தப்பவில்லை. டி.எஸ்.எச். 0.05.

அங்கிருந்த பெண் வைத்தியர் இளையவர். எம் கதை முழுதையும் பொறுமையுடன் கேட்டார், கடிந்துகொள்ளவில்லை. பிறகு, "மாத்திரையை எந்நேரத்தில், எதனோடு சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று ஒரே வினா வினவினார். காலை ஆறு மணிக்குக் காப்பியோடு என்றார் தமக்கையார். வேறு மாத்திரை உண்டா என்றதற்கு, முழங்கால் வலிக்காகச் சென்ற ஐப்பசி முதல் எலும்பு வைத்தியர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பதாகவும், மறந்துவிடாதிருக்க இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிவிடுவதாகவும் கூறினார்.

அன்பர்களே, கதை முழுதும் அவ்வளவே. சுண்ணாம்புச்சத்து தைராக்ஸினைக் குடலிற் பிடித்துவைத்துக்கொண்டு, இரத்தத்திற் சேரவொட்டாது தடுப்பது. இரும்புச்சத்தும் அவ்வாறே; விடுதி மாணவியர் இதனைக் குறித்துக்கொள்க. காப்பியும் ஓரளவு தடுக்கும். தைராக்ஸினை வெறுவயிற்றில் தண்ணீரோடு உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பியும் உணவும் கொள்ளவேண்டும். சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எம் தமக்கையார்க்கு எழுதப்பட்ட அளவு பிழையன்று. அவ்வளவு அவருள்ளே சென்று சேரவில்லை. முதல் வைத்தியரும் யாமும் எழுபத்தைந்தா அதற்கு மேலா என்று வழக்காடினோமேயன்றி, எழுபத்தைந்தும் எங்கே போயிற்று என்று இருவரும் கேட்கவில்லை.

யார்மேற் குற்றம் அதிகம்? யாம் பலகாலம் எண்ணிப் பார்த்தோம். மருந்தை மறைவில் இரட்டித்தது எம் குற்றம். அதனால் ஓர் உயிர்க்கே ஊறு நேர்ந்திருக்கும். எனினும் வினவாமை வைத்தியருடைய குற்றம். அதனையே பெரிதென்று கருதுகிறோம். சுண்ணாம்பும் தைராக்ஸினும் பகை என்பதை அறிந்தவர் அவர். அறியாதவர் எம் தமக்கையார். அறிந்தவர் கேளாதபோது அறியாதவர் சொல்ல வேண்டுவது இன்னதென்று எங்ஙனம் உணர்வார்? நாற்பது பேர் காத்திருந்தது உண்மை. ஆயினும் "எதனோடு சாப்பிடுகிறீர்கள்?" என்பது, "வைத்தியம் படித்தவன் நானா, நீங்களா?" என்பதைவிட நீண்ட வாக்கியமன்று. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக எண்ணுமிடத்து, நோயுற்றவனையே முதலில் வைத்தார். தீர்ப்பவன் அடுத்தே வருகிறான். அம்முறைவைப்பைச் செய்யுளின் அமைதிக்காக நேர்ந்தது எனக் கழித்துவிட எமக்கு மனமில்லை.

ஆனால் மாறுபடுவோர்க்கும் கடமை உண்டு. மாறுபாட்டைச் சொல்லால் தெரிவித்தல் ஒன்று. செயலால் ஒளித்து நடத்தல் வேறு. தைராக்ஸினின் பாதியளவு இரத்தத்திலிருந்து நீங்குவதற்கே ஏறக்குறைய ஏழு நாட்கள் செல்லும். அளவை மாற்றினால் ஆறு வாரங்கள் கழித்தே உண்மை நிலை தெரியும். இன்று இரண்டு, நாளை ஒன்று என விளையாடுவோர் தம் உடலின் சொல்லையும் கேட்கமாட்டார். இரத்தத்தின் சொல்லையும் கேட்கமாட்டார். முதல் மூன்று வாரச் சுறுசுறுப்பு எம்மை ஏமாற்றியது போல அவரையும் ஏமாற்றும். மருந்துக்காரர் இரட்டித்துக் கொடுத்தாரென்று அவரைக் குறைகூறுவதும் வழக்கே; யாம் அதைச் செய்யோம், கேட்டது யாமே.

மேலும், நம் உடலுணர்ச்சி எப்போதும் பிழையாது என்று எண்ணுதலும் தகாது. ஆஸ்திரேலியாவில் 56 நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட பரிசோதனையொன்று எம் மனத்தைச் சங்கடப்படுத்திற்று. இன்ன அளவு கொடுக்கிறோம் என்று அறிவிக்காது, சிறு சிறு வேறுபாடுள்ள மூன்று அளவுகளை ஒவ்வொருவருக்கும் முறையே கொடுத்துப் பார்த்தனர். இரத்தத்தில் டி.எஸ்.எச். மாறிற்று, நோயாளிகளின் சுகவுணர்விலோ அளந்தறியத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மற்றொரு பரிசோதனையில், 65 வயதும் அதற்கு மேலும் ஆகி டி.எஸ்.எச். மட்டும் சற்றே உயர்ந்திருந்த 737 பேருள் ஒருசாரார்க்குத் தைராக்ஸினும் மற்றவர்க்கு மருந்தில்லா வெற்று மாத்திரையும் கொடுத்தனர். அசதியில் இருசாரார்க்கும் பேதமில்லை என்று 2017இல் வெளியிட்டனர். அசதிக்குக் காரணம் ஆயிரம். இரத்தக்குறைவு, உறக்கமின்மை, மனக்கவலை இவை எல்லாவற்றிற்கும் தைராய்டையே பழிப்பது அச்சுரப்பிக்குச் செய்யும் அநீதி.

அதற்காக எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடுவதும் ஒவ்வாது. டி.எஸ்.எச். சரியாக நின்றும் அசதி நீங்காத சிறுபகுதியினர் உண்டு என்பதை வைத்தியர்களே ஒப்புகின்றனர். தைராக்ஸினோடு டி-3 என்னும் மற்றொரு சுரப்பையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்க்கு நலம் என்று 1999இல் லிதுவேனியாவிலிருந்து 33 நோயாளிகளைப் பற்றிய செய்தி வந்தது. பின்னர்ச் செய்த பரிசோதனைகளுட் பெரும்பாலானவை அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும் அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. கற்றோர்க்குள்ளேயே தீராத வழக்கில், நோயாளி ஒருவர் கருத்துக் கூறினால் மட்டும் அது அதிகப்பிரசங்கம் ஆகுமோ? அளவே மாறவேண்டிய காலங்களும் உண்டு. கருவுற்ற மகளிர்க்கு முதற் சில வாரங்களிலேயே 25 முதல் 50 சதவீதம்வரை கூடுதலாக வேண்டியிருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சி அதனைப் பொறுத்தது. அங்கே "சரி, ஐயா" என்று பழைய சீட்டோடு வாளா திரும்பும் அடக்கத்தைப் பண்பென்று கொள்ளோம்.

இனி எம் தமக்கையாரின் நிலை. அவ்விளைய வைத்தியர் மறுபடியும் 75 ஆக்கினார், வெறுவயிற்றில் தண்ணீரோடு. காப்பி ஏழு மணிக்கு. சுண்ணாம்புச்சத்து இரவு உணவோடு. படபடப்பு படிப்படியாகத் தணிந்தது. இரு மாதங்கள் சென்றபின் டி.எஸ்.எச். 1.9. குளிர் போயிற்று; மயிர் உதிர்வது நின்றது; பிற்பகல் அசதி மட்டும் சிறிது எஞ்சிற்று. தமக்கையார் இன்னும் சற்றே ஏற்றவேண்டும் என்றார். வைத்தியர், வேண்டுவதில்லை என்பதே தம் அபிப்பிராயம் என்றார். எலும்பு, இதயம் இரண்டையும் பற்றி ஒரு காகிதத்தில் படம் வரைந்தே விளக்கினார். தமக்கையாரும் விடவில்லை. முடிவில் மூன்று மாதங்கள் 88 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்ப்பதென்றும், உறக்கம், நடை, அசதி மூன்றையும் தமக்கையார் நாடோறும் குறித்து வைப்பதென்றும், டி.எஸ்.எச். 0.4க்குக் கீழ் இறங்கினாலோ குறிப்பில் மாறுதல் இல்லாவிட்டாலோ பழைய அளவுக்கே திரும்புவதென்றும் உடன்படிக்கை ஆயிற்று.

மூன்று மாதம் முடிந்தது. எண் 1.1. குறிப்புப் புத்தகத்தில் நல்ல நாட்கள் பெருகியிருக்கின்றன. எல்லாம் பதின்மூன்று மைக்ரோகிராமின் வேலை என்கிறார் தமக்கையார். மகளின் விவாகம் முடிந்து நன்றாக உறங்குவதன் பயன் என்கிறார் வைத்தியர். அவர் சொல்வதே மெய்யாயிருக்கலாம் என்று எமக்கு ஓர் ஐயம் உண்டு. தமக்கையார் முன்னிலையில் அதனைக் கூறுவதில்லை. இருவரும் தத்தம் கருத்திலேயே நிற்கின்றனர், சிரித்துக்கொண்டே நிற்கின்றனர். பங்குனியில் மறுபடியும் இரத்தம் கொடுக்கவேண்டும். மஞ்சட்பையை மறவாமல் கொண்டுவருமாறு வைத்தியரே சொல்லியனுப்பியிருக்கிறார்.